எம்.டி.டி. 2727: ஒரு கார் நம்பர் சொல்லும் காமராஜர் கதை!

பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணோட விலை எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? 1962-ல் தயாரான ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார் ஒண்ணு, 2018-ல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. அன்றைய மதிப்பில் சுமார் 340 கோடி ரூபாய்! இந்த மாடலில் மொத்தமே 36 கார்கள்தான் தயாரிச்சாங்க. அதனால வாங்குறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பழைய போட்டோ, யார் யார் கைக்கு மாறுச்சுன்னு ஒவ்வொண்ணா தேடி எழுதிடுவாங்க. வரலாறு இல்லாட்டி அது வெறும் பழைய இரும்புதான்.

நம்ம ஊர்லயும் அப்படித் தேட வேண்டிய கார் ஒண்ணு இருக்கு. காமராஜர் பயணம் செய்த செவர்லே. நம்பர் எம்.டி.டி. 2727. இந்தக் காரோட விலையைத் தேடாதீங்க. அதில் உட்கார்ந்திருந்தவர் எங்கிருந்து வந்தார்னு தேடுங்க.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார் காமராஜர். சின்ன வயசுலயே அப்பா தவறிட, ஸ்கூலை விட்டுட்டு மாமாவோட துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு சுதந்திரப் போராட்டம், பல முறை சிறை. 1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவரா தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். முழு நேரமும் கொடுக்க முடியாத நாற்காலி தனக்கு வேண்டாம்னு நினைச்சார்.

1954-ல் முதலமைச்சர். ரயில்வே கேட் மூடியிருந்ததால் அவர் கார் நின்றப்போ, ஆடு மேய்ச்ச ஒரு பையனைக் கூப்பிட்டு ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு கேட்டாராம். போனா சோறு கிடைக்குமான்னு திருப்பிக் கேட்டானாம் அந்தப் பையன். இது தலைமுறை தலைமுறையா வாய்வழியா வர்ற கதை. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது பதிவான வரலாறு. பழைய பொருளை ஆராயும்போது இந்த ரெண்டையும் தனித்தனியா எழுதி வைக்கணும். ஆனா ரெண்டையுமே தூக்கிப் போட்டுடக் கூடாது.

1957, 1962 தேர்தல்களில் அவரை ஜெயிக்க வைத்தது தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் நடக்கும் பகுதியில் இருக்கிற சாத்தூர் தொகுதி. 1963-ல் கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியை அவராகவே விட்டார். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, அவருக்குப் பிறகு இந்திரா காந்தின்னு ரெண்டு பிரதமர்கள் வரக் காரணமா இருந்தார். ஆனா 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். பிறந்த ஊரே கைவிட்ட வலி எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. அப்பவும் அவர் ஒதுங்கலை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயிச்சார்.

1975 அக்டோபர் 2-ல், சென்னையில் வாடகை வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. ஒன்பது வருஷம் மாநிலத்தை ஆண்டவர் சொந்தமா ஒரு வீடுகூட சேர்த்து வைக்கலை. அடுத்த வருஷம் பாரத ரத்னா வந்தது, வாங்கிக்க அவர் இல்லை.

அடுத்த தடவை விருதுநகர் பக்கம் போனா, நினைவு இல்லமா இருக்கிற அவரோட வீட்டை எட்டிப் பாருங்க. அப்படியே உங்க தாத்தாவோட பழைய ஸ்கூட்டர் ஆர்.சி. புக்கையும் தேடி எடுங்க. அந்த வண்டியில யார் எங்கே போனாங்கன்னு கேட்டு, இன்னைக்கே எழுதி வைங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டாதான் உண்டு.