சர்க்கார் பள்ளியில் பைபிளா? எதிர்த்து நின்றார் லட்சுமிநரசு செட்டியார்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு பக்கத்திலே ஓடுகிறது. மழை பெய்தால் அருவியில் குளிக்கலாம். பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் பிள்ளைகுட்டிகளோடு வீடு திரும்பலாம். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் கோவில் கோபுரம் தெரியும்.

ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர்களெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. கும்பெனியார் ஆட்சி நடந்தது. கரிசல் காட்டில் பருத்தி விதைத்தவன் கலெக்டருக்குத் தீர்வை கட்டினான். அய்யனாரைக் கும்பிட்டவனும் கட்டினான். ஆண்டாளைச் சேவித்தவனும் கட்டினான். பள்ளிவாசலுக்குப் போனவனும் மாதா கோவிலுக்குப் போனவனும் கட்டினார்கள்.

அந்தப் பணத்தில் சர்க்கார் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. அங்கே யாருடைய வேதத்தைச் சொல்லிக் கொடுப்பது?

1846-ல் இந்தக் கேள்வி சென்னையில் எழுந்தது. அப்போது கவர்னரை எதிர்த்து நின்றவர் ஒரு வியாபாரி. அவர் பெயர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

வளையல்காரர் குடும்பம்

காஜுலு என்பது தெலுங்குச் சொல். வளையல்கள் என்று பொருள். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

லட்சுமிநரசு செட்டியார் 1806-ல் சென்னையில் பிறந்தார். தகப்பனார் சித்துலு செட்டியார். நீலமும் துணியும் விற்ற பணக்கார வியாபாரி. அந்தக் காலத்தில் வியாபாரி மகனுக்குப் பெரிய படிப்பு இல்லை. கணக்குத் தெரிந்தால் போதும். இவரும் கொஞ்சம் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். வியாபாரத்தைப் பெருக்கினார். பணம் சேர்ந்தது.

பணம் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சர்க்காரைப் பகைத்துக்கொள்ளமாட்டார்கள். கலெக்டரைக் கண்டால் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடு போடுவார்கள். செட்டியார் அப்படி இல்லை. ஊரில் நடப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

கோவிலும் கும்பெனியும்

அந்த நாளில் சர்க்காருக்கும் மதத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. இதை வாசகர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1817-ல் கும்பெனியார் ஒரு சட்டம் போட்டார்கள். கோவில் சொத்துக்களை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு அதன்படி சர்க்காருக்கு வந்தது. கோவில் நிலத்தின் வரவு செலவைக் கலெக்டர் கச்சேரி பார்த்தது. திருவிழாவில் பட்டாளம் மரியாதை செய்தது. தேர் இழுக்க ஆள் குறைந்தால் தாசில்தாரின் சேவகர்கள் கிராமத்து ஜனங்களைப் பிடித்து வந்ததும் உண்டு. விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் வடம் பிடிக்க வேண்டும்.

கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு இது பிடிக்கவில்லை. கிறிஸ்தவச் சர்க்கார் பிற மதக் கோவிலுக்கு ஊழியம் செய்யலாமா என்று கேட்டார்கள். சென்னைப் படையின் தளபதியாக இருந்த சர் பெரிகிரின் மெய்ட்லண்டு என்பவர் இந்தக் காரணத்துக்காகவே 1838-ல் பதவியை விட்டு விலகினார். தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத மரியாதையைச் சிப்பாய்கள் மேல் சுமத்த அவர் விரும்பவில்லை. உயர்ந்த உத்தியோகத்தைத் தூக்கி எறிந்த அவரும் மனிதர்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

1840-களின் தொடக்கத்தில் கோவில்களைச் சர்க்கார் கைவிட்டது. தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. இந்துக்களின் கோவிலோடு சர்க்காருக்கு உறவு வேண்டாம் என்பது நியாயமாகவே பட்டது. ஆனால் அதே நியாயம் மறு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அங்கேதான் சண்டை வந்தது.

பள்ளிக்கு அனுப்பப் பயந்த தாய்மார்

இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1839-ல் சென்னை ஜனங்கள் கல்லூரி வேண்டுமென்று கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் மனுக் கொடுத்தார்கள். அதில் 70,000 கையெழுத்துகள் இருந்தன. மறு ஆண்டே எழும்பூரில் சர்க்கார் பள்ளி ஒன்று தொடங்கியது. பவல் என்ற ஆங்கிலேயர் தலைமை ஆசிரியராக வந்தார். அந்தப் பள்ளிதான் பிறகு மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது.

பாதிரிமார் பள்ளிகளும் இருந்தன. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837-ல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பாடம் நன்றாக நடந்தது. பைபிளும் நடந்தது. 1841-ல் அந்தப் பள்ளியில் படித்த இளைஞர்கள் சிலர் கிறிஸ்தவர்களானார்கள். ஊரில் ஒரே கூச்சல். வீட்டுக்கு வீடு அழுகை. பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பள்ளி காலியாயிற்று.

படிப்பு வேண்டும், ஆனால் படிக்கப் போன பிள்ளை வீடு திரும்ப வேண்டும். இதுதான் அன்றைய தாய்மாரின் கவலை. மதம் மாறிய பையனுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. அவனை வீட்டில் சேர்க்கமாட்டார்கள். தகப்பன் சொத்தில் பங்கு கிடையாது. அவனுக்கும் மனச்சாட்சி என்று ஒன்று இருந்தது என்பதைப் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

பாதிரிமார் பள்ளி அவர்களுடைய பள்ளி. வேண்டாதவர்கள் போகாமல் இருக்கலாம். சர்க்கார் பள்ளி எல்லோருக்கும் பொது என்று ஜனங்கள் நம்பியிருந்தார்கள்.

பிறந்தது பிறைப் பத்திரிகை

1844-ல் செட்டியார் ஓர் அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்கினார். கிரசென்ட் என்ற இங்கிலீஷ் பத்திரிகையைத் தொடங்கினார். கிரசென்ட் என்றால் பிறைச்சந்திரன். ஜனங்களின் குறைகளைச் சர்க்கார் படிக்கும் பாஷையில் எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். பட்டாளத்தில் இருந்து வந்த எட்வர்டு ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரர் ஆட்சியைக் கண்டிக்க ஒரு வெள்ளைக்காரரையே அமர்த்தியது செட்டியாரின் வியாபார சாமர்த்தியம் என்று சொல்லலாம். சர்க்காருக்கு இது பிடிக்கவில்லை. பத்திரிகையின் விளம்பரத்தைக்கூடச் சர்க்கார் கெஜட்டில் போட மறுத்தார்கள்.

அதே 1844-ல் அமெரிக்காவிலும் இந்தத் தகராறு நடந்தது. பிலடெல்பியா நகரில் பொதுப் பள்ளிகளில் எந்தப் பைபிளைப் படிப்பது என்று புராட்டஸ்டண்டுகளுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் சண்டை. இரு தரப்பாரும் கிறிஸ்தவர்களே. ஆனாலும் துப்பாக்கி வெடித்தது. மாதா கோவில்கள் எரிந்தன. பலர் மாண்டார்கள்.

திருநெல்வேலியில் தீ

நம் பக்கத்திலும் நிலைமை சரியாக இல்லை. 1845 கடைசியில் திருநெல்வேலிச் சீமையில் கலகம் மூண்டது. இந்துக்கள் கூட்டமாகப் போய்க் கிறிஸ்தவர்களான ஏழைகளைத் தாக்கினார்கள். இது வெட்கக்கேடான காரியம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள்.

வழக்கு சென்னையிலிருந்த சதர் கோர்ட்டுக்கு வந்தது. பலர் மீது போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை செய்தார்கள். கவர்னர் ட்வீடேல் பிரபு கோபம் கொண்டார். இவர் போர்க்களம் கண்ட சேனாதிபதி, சுபாவத்தில் கண்டிப்பானவர், பாதிரிமார்களிடம் பற்றுள்ளவர். கோர்ட்டு விவகாரத்தில் கவர்னர் தலையிடக்கூடாது என்று மால்கம் லூயின் என்ற நீதிபதி வாதாடினார். 1846-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன ஆகும் என்று சென்னை ஜனங்கள் திகைத்தார்கள்.

கவர்னரின் உத்தேசம்

இந்த நிலையில்தான் 1846 ஆகஸ்டில் கவர்னர் ஒரு குறிப்பு எழுதினார். சர்க்கார் பள்ளிகளில் பைபிளை ஒரு பாடப் புத்தகமாக வைக்கலாம் என்பது அதன் சாரம். விருப்பம் இல்லாத மாணவர்கள் அந்த வகுப்புக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார்.

வரவேண்டாம் என்று சொன்ன பிறகு என்ன ஆட்சேபம் என்று சிலருக்குத் தோன்றலாம். பத்து வயதுப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் பைபிளைத் திறக்கிறார். இவன் மட்டும் எழுந்து வெளியே போகவேண்டும். சம்பளம் கொடுப்பது சர்க்கார். நாளைக்கு உத்தியோகம் கொடுப்பதும் அதே சர்க்கார். வாத்தியாரின் முகம் சுளித்தால் அவன் துணிந்து எழுந்திருப்பானா?

செட்டியார் இதைப் புரிந்துகொண்டார். அக்டோபரில் சென்னையில் பெரிய கூட்டம் கூட்டினார். கல்லெறி இல்லை, கலகம் இல்லை. திருநெல்வேலியில் தடியெடுத்தவர்கள் கெட்ட பெயரைத்தான் சம்பாதித்தார்கள். சென்னையில் பேனா எடுத்தார்கள். லண்டனில் இருந்த கும்பெனி டைரக்டர்களுக்கு மகஜர் தயாராயிற்று. ஏறக்குறைய 12,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. விஞ்ஞானம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லா மதத்தாரும் வரி கட்டும்போது சர்க்கார் ஒரு மதத்துக்கு மட்டும் வாத்தியார் ஆகக்கூடாது என்றார்கள். எந்த மதத்திலும் தலையிடுவதில்லை என்று கும்பெனியார் சொல்லி வந்த சொல்லையே எடுத்துக் காட்டினார்கள்.

1847-ல் லண்டன் டைரக்டர்களின் முடிவு வந்தது. கவர்னரின் யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. பைபிள் வகுப்பு நடக்கவில்லை.

செட்டியாரின் மறுபக்கம்

அவரை ஒரே அடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. மதம் மாறியவனுக்கும் குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்று சட்டம் கொண்டுவர 1845-ல் முயற்சி நடந்தபோது, சென்னை இந்துத் தலைவர்கள் எதிர்த்தார்கள். செட்டியாரும் அவர்கள் பக்கமே நின்றார். பள்ளியில் மாணவனின் மனச்சாட்சிக்கு வாதாடியவர், மாறிப்போன மகனின் மனச்சாட்சிக்கு வாதாடவில்லை. அந்தச் சட்டம் 1850-ல் நிறைவேறியது. அது நல்ல சட்டம்தான்.

1852 பிப்ரவரியில் அவர் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அரசியல் சங்கம் என்று சொல்லத்தக்கவற்றில் இது மிகப் பழையது. காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன.

அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய காரியம் இதன் பிறகே நடந்தது. தீர்வை கட்ட முடியாத குடியானவர்களைச் சர்க்கார் சேவகர்கள் சித்திரவதை செய்தார்கள். விரல்களைக் கிட்டி வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்தினார்கள். இதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். டான்பி சீமோர் என்ற பார்லிமெண்டு மெம்பர் இந்தியா வந்தார். செட்டியார் அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துப் போய் இந்தக் கொடுமைகளைக் காட்டினார். 1854-ல் சீமோர் இதைப் பார்லிமெண்டில் பேசினார். சென்னையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் முன்னே ஏறக்குறைய 2,000 புகார்கள் வந்தன. சித்திரவதை உண்மைதான் என்று 1855-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது.

பள்ளி விஷயத்திலும் ஒரு வழி பிறந்தது. 1854-ல் லண்டனிலிருந்து வந்த கல்வி உத்தரவின்படி பாதிரிமார் பள்ளி, இந்துப் பள்ளி என்று பாராமல் நல்ல படிப்புக்குச் சர்க்கார் மானியம் கொடுக்கலாம். சர்க்கார் பள்ளியில் மதபோதனை கிடையாது. பைபிள் புத்தகசாலையில் இருக்கலாம். மாணவன் தானாகக் கேட்டால் பள்ளி நேரத்துக்கு வெளியே வாத்தியார் விளக்கலாம். அவ்வளவுதான். 1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவும், முழுதும் அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது. மானியம் பெறும் பள்ளியில் மத வகுப்பிலோ பிரார்த்தனையிலோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். அமெரிக்கா இந்த விஷயத்தில் 1962 வரை காத்திருந்தது. நியூயார்க் மாகாணப் பள்ளிகளில் சொல்லப்பட்ட ஒரு சிறு பிரார்த்தனையை அந்த ஆண்டுதான் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்றது.

கடைசி நாட்கள்

செட்டியாருக்கு இந்திய நட்சத்திரப் பட்டம் கிடைத்தது. 1863-ல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினர் ஆனார். ஒரு காலத்தில் அவருடைய விளம்பரத்தைப் போட மறுத்த சர்க்கார் இப்போது நாற்காலி கொடுத்து உட்கார வைத்தது.

ஆனால் வீட்டில் பணம் இல்லை. பத்திரிகை லாபம் தரவில்லை. மகஜர், கூட்டம், சங்கம் என்று கைப்பணம் கரைந்தது. வியாபாரத்தைக் கவனிக்கவும் நேரம் இருக்கவில்லை. தகப்பனார் வைத்துவிட்டுப் போனதும் தாம் சம்பாதித்ததும் போயின. நாட்டுக்கு உழைத்துச் சொத்தைத் தொலைத்தவர்கள் வரிசையில் சென்னையில் அவர் முந்தியவர். அவர் தொடங்கிய சங்கமும் அவர் காலத்திலேயே ஒடுங்கிவிட்டது.

1868-ல் லட்சுமிநரசு செட்டியார் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. நீலமும் துணியும் விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர், ஏழையாகவே கண்ணை மூடினார்.