வயலின் சொனாட்டா ஃப்ளூட்டுக்கு மாறினால் என்ன ஆகும்? சீசர் ஃபிராங்க்கின் கல்யாணப் பரிசின் கதை

1886 செப்டம்பர். பெல்ஜியத்தில் ஆர்லோன் நகரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை, வயலின் கலைஞர் யூஜின் இசாயி. அவருக்கு வந்த பரிசு, இசைக்குறிப்பு எழுதிய ஒரு கட்டுத் தாள். அவசரமாக ஒத்திகை பார்த்து, விருந்தாளிகளுக்கு அன்றைக்கே வாசித்தும் காட்டினார். அதுதான் வயலினும் பியானோவும் சரிசமமாகப் பேசிக்கொள்ளும் ஏ மேஜர் சொனாட்டா. எழுதியவர் 63 வயது சீசர் ஃபிராங்க்.

யார் இந்த ஃபிராங்க்?

1822-ல் லியேஜ் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பியானோவில் கெட்டிக்காரர். மகனை மேடையேற்றிப் பணமும் பேரும் சம்பாதிக்க நினைத்த அப்பா, 1842-ல் பாரிஸ் இசைக் கல்லூரியிலிருந்து படிப்பைப் பாதியில் நிறுத்தினார். மகனின் காதலையும் எதிர்த்தார். பொறுத்துப் பார்த்த ஃபிராங்க் வீட்டைவிட்டே கிளம்பிவிட்டார். 1848-ல், பாரிஸ் தெருக்களில் புரட்சி வெடித்த நேரத்தில், காதலித்தவரையே கைப்பிடித்தார்.

அப்புறம் மேடைப் புகழ் கிடையாது. பிழைப்புக்குப் பாடம் எடுத்தார். 1858 முதல் சாகும்வரை செயின்ட் க்ளோடில்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். சொந்த இசையை எழுதக் கிடைத்தது விடியற்காலை நேரம்தான்.

ஃப்ளூட்டுக்கு மாற்றுவது எப்படி?

ஃபிராங்க் இருந்தபோதே, அவர் சம்மதத்தோடு, ஜூல் டெல்சார் இந்த சொனாட்டாவை செல்லோவுக்கு மாற்றினார். பின்னாளில் ழான்-பியர் ராம்பால் ஃப்ளூட்டுக்குப் பதிப்பித்தார்.

இதில் பியானோ பக்கம் பெரிய தலைவலி இல்லை. சிக்கல் ஃப்ளூட்டில்தான். வயலினின் அடிக்கம்பி நடு 'சி'-க்குக் கீழே உள்ள 'ஜி' வரை இறங்கும். சாதாரண ஃப்ளூட் நடு 'சி'-யிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றித்தான் வாசிக்கணும். ஸ்வரம் அதேதான், ஆனா அடிக்கம்பியின் கனத்த குரல் போய்விடும்.

இன்னொன்று, மூச்சு. வில் திசை மாறுவது காதுக்கே தெரியாது. ஃப்ளூட்காரர் மூச்சு வாங்கியே ஆகணும். கடைசிப் பகுதியில் பியானோ தொடங்கும் மெட்டை வயலின் ஒரு படி பின்னால் அப்படியே துரத்திப் போகும். தப்பான இடத்தில் மூச்சு எடுத்தா அந்தத் துரத்தலே அறுந்துபோகும்.

இத்தனை சிரமம் இருந்தும் ஜேம்ஸ் கால்வே, பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச்சுடன் இதை ஃப்ளூட்டில் பதிவு செய்தார். காரணம், வயலினின் வித்தைகளைவிட பாடுகிற மெட்டை நம்பி எழுதிய இசை இது.

1890-ல் ஃபிராங்க் காலமானார். அப்பா அவசரப்பட்டுத் தேடிய பேரை, மகனுக்கு 63 வயதில் எழுதிய இந்தக் கல்யாணப் பரிசு வாங்கித் தந்தது.