ஹெலன் கெல்லர் அம்மையாரின் கலாசாலைக் கல்வி

வித்தையைத் தேடுவோர்க்கு வறுமையும் பிணியும் தடையாதல் உலகியல்பு. அத்தடைகளைக் கடந்து கலாசாலையில் ஆங்கில இலக்கியத்தை முறையாகக் கற்றுத் தேர்ந்த ஹெலன் கெல்லர் அம்மையாரின் சரித்திரம், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிந்துகொள்ளத்தக்கது.

இவ்வம்மையார் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து டஸ்கம்பியா என்னும் ஊரில் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்திற் கண்ட கொடிய நோய் கண்ணொளியையும் செவிப்புலனையும் ஒருங்கே போக்கிற்று. 1887 மார்ச்சு மாதத்தில் ஆன் ஸல்லிவன் என்னும் இளம் ஆசிரியை வந்து, குழந்தையின் உள்ளங்கையில் விரற்குறிகளால் எழுத்துக்களை உணர்த்தலானார். ஒரு நாள் ஒரு கையிற் குழாய்நீர் வீழ, மறு கையில் அதன் பெயரை எழுதிக் காட்டவே, பொருள்களுக்கெல்லாம் பெயருண்டென்பது குழந்தைக்கு விளங்கிற்று.

கலாசாலையிற் பயிலவேண்டுமென்னும் அவா இளமையிலேயே அம்மையாருக்கு உண்டாயிற்று. ஹார்வர்டு ஆசிரியர்கள் பெண்களுக்குக் கற்பித்துவந்த ராட்கிளிப் கலாசாலையின் பிரவேசப் பரீக்ஷையில் 1899-ஆம் ஆண்டு தேறினார். அப்பரீக்ஷையில் இயற்கணித வினாக்கள் அவர் பழகாத புடையெழுத்துக் குறிகளில் அமைந்திருந்தமையால் மிகவும் இடர்ப்பட்டார். 1900-ஆம் ஆண்டிற் கலாசாலையிற் சேர்ந்தார். எழுத்தாளர் மார்க் ட்வெயின் முயற்சியால் ஹென்றி ரோஜர்ஸ் என்னும் செல்வர் படிப்புக்குப் பொருளுதவி செய்தார்.

அங்கே ஸல்லிவன் அருகிலமர்ந்து, ஆசிரியர் கூறுவதைக் கையில் உடனுக்குடன் எழுதிக் காட்டுவார். கேட்பதற்கே கை வேண்டியிருந்தமையால் அம்மையார் குறிப்பெழுத இயலாது; வீடு திரும்பியபின் நினைவிலுள்ளவற்றையே எழுதிவைப்பார். வேண்டிய நூல்களுட் சிலவே புடையெழுத்திற் கிடைத்தன. ஏனையவற்றை ஸல்லிவனே படித்துக் கையில் உணர்த்தினார். அவரோ இளமையிலேயே கண்ணோயால் வருந்தியவர். இவ்வுழைப்பு அக்கண்களை மேலும் நலித்தது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கிட்ரெட்ஜ் என்னும் பேராசிரியரிடம் அம்மையார் பாடங்கேட்டார். நீல்ஸன் என்னும் ஆசிரியரோ மாணவியுடன் நேரே பேசவேண்டி விரலெழுத்தைத் தாமே கற்றுக்கொண்டார். எனினும் கலாசாலைக் கல்வியில் அம்மையாருக்கு ஒரு குறை தோன்றிற்று. உரைகளும் விமரிசனங்களும் பெருகப்பெருக நூலின் சுவை மறைகின்றதென்றும், ஓய்ந்து சிந்திக்க நேரமில்லையென்றும் வருந்தினார்.

கட்டுரைப் பயிற்சி அளித்தவர் கோப்லண்டு என்பவர். நூல்களிற் கண்டவற்றையே பின்பற்றி எழுதிவந்த மாணவியைத் தம் சொந்த அனுபவத்தையே எழுதுமாறு அவர் தூண்டினார். பிறர் பார்வையையும் கேள்வியையும் இரவல் வாங்காமல், தாம் தொட்டும் முகர்ந்தும் அறிந்த உலகத்தையே எழுதலாமென்னும் துணிவு அதனாற் பிறந்தது. அக்கட்டுரைகளிலிருந்து வளர்ந்ததே 1903-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது சுயசரிதை.

1904-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, இருபத்துநான்காம் வயதில், சிறப்புடன் பி. ஏ. பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இழந்தோருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. நான்காண்டுகளும் ஒவ்வொரு பாடத்தையும் உடனிருந்து கேட்ட ஸல்லிவனுக்கோ அன்று பட்டம் ஒன்றுமில்லை. அவர் 1936-ஆம் ஆண்டிற் காலமானார்.

பின்னர் அம்மையார் பல நூல்கள் இயற்றியும், பல தேசங்களுக்குச் சென்றும் பார்வையற்றோர் நலத்துக்கு உழைத்தார். 1955-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் விஜயம் செய்தார். ஹார்வர்டு சர்வகலாசாலை அவ்வாண்டே அவருக்குக் கௌரவப் பட்டமளித்தது. அங்கு அத்தகைய பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1968-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி இயற்கை எய்தினார்.

ஒருவர் பெறும் பட்டத்தில் பெயர் எழுதப்படாத மற்றொருவர் உழைப்பும் உண்டென்பதை இச்சரித்திரம் காட்டுகின்றது. நம் இல்லங்களிற் படிக்கும் பிள்ளைகள் தமக்காகக் கண்விழித்தோரை மறவாதிருப்பாராக. பொருளுள்ளோர் பொருளாலும், கற்றோர் கல்வியாலும், பிறர் பிள்ளையொன்றின் படிப்புக்கேனும் துணைநிற்பாராக.