சித்திர வாத்தியார் நந்தலால் போஸ்

அரசியல் சட்டத்தின் மூலப் பிரதிக்குத் தம் மாணவர்களோடு சேர்ந்து சித்திரம் தீட்டியவர் நந்தலால் போஸ் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் சாந்திநிகேதனில் அவரை எல்லோரும் மாஸ்டர் மோஷாய் என்றுதான் அழைத்தார்கள். வாத்தியார் ஐயா என்று பொருள். பத்மவிபூஷண் உள்பட அவருக்குக் கிடைத்த பட்டங்களைவிட அந்தப் பெயரே அவருக்குப் பொருத்தம்.

1882 டிசம்பர் 3ஆம் தேதி பீகாரில் முங்கேர் ஜில்லாவில் உள்ள கரக்பூரில் பிறந்தார். நீளமான பிளாட்பாரத்துக்குப் பெயர்போன வங்காளத்துக் கரக்பூர் வேறு, இது வேறு. தாயார் க்ஷேத்ரமணி தேவி பொம்மை செய்வதில் கைதேர்ந்தவர். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகப் படிப்பு ஏறவில்லை. கல்கத்தாவில் கல்லூரிப் பரீட்சையில் தோற்று, கடைசியில் 1905இல் அரசாங்க ஓவியப் பள்ளிக்குப் போய், அவனீந்திரநாத் தாகூருக்கு மாணவரானார்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தைச் சித்திரம் கற்பிப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உமாதேவி தவம் செய்யும் காட்சியை நந்தலால் வரைந்திருந்தார். படத்தில் வண்ணம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் அலங்காரம் செய் என்று குரு சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனவருக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. தவத்தில் இருக்கும் உமையை மாணவன் அப்படி வறண்ட கோலத்தில்தான் கண்டிருக்கிறான், அதில் நாம் ஏன் குறுக்கிட்டோம் என்று மனம் உறுத்தியது. பொழுது விடிந்ததும் ஓடினார். நந்தலால் தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, படம் தப்பியது.

மாணவனிடம் தவறை ஒப்புக்கொள்ள விடியற்காலையில் ஓடிவரும் ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சாந்திநிகேதனில் கலாபவனம் 1919இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அதன் பொறுப்பு நந்தலாலிடம் வந்து, 1951 வரை அவரிடமே இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் அவரும் ஒருமுறை தடுமாறினார். வினோத் பிஹாரி முகர்ஜி என்ற இளைஞருக்குப் பார்வை மிகவும் மங்கல். கண் தெரியாதவனுக்குச் சித்திரம் எப்படி வரும் என்று சந்தேகப்பட்டார். பையன் ஒழுங்காக வகுப்பில் உட்காருகிறானா, ஆர்வம் இருக்கிறதா என்று மட்டும் தாகூர் விசாரித்தார். இருக்கிறது என்றதும், அப்படியானால் அவனை அவன் வழியில் விட்டுவிடும்படி சொல்லிவிட்டார். பையன் தங்கினான்.

பிறகு நந்தலாலின் பாடமுறையே அப்படி ஆயிற்று. மாணவர்களை வெளியே அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்வார். மரம் வரைந்தால் அடியிலிருந்து மேலே கோடு ஏறவேண்டும். மரம் வளர்வதும் அப்படித்தானே! 1940இல் அங்கே சேர்ந்த சத்யஜித் ராயும் இந்தப் பாடம் படித்தவர்தான்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரம் ஏன் வேண்டும் என்று கட்டுரையே எழுதினார். வகுப்பறையில் நல்ல படங்கள் மாட்டவேண்டும்; பருவம் மாறும்போது வயலுக்கும் தோப்புக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும்; பொருட்காட்சி சாலையைக் காட்டவேண்டும் என்பது அவர் யோசனை. கலை பணக்காரர் விவகாரம் என்பதை அவர் ஏற்கவில்லை. ஏழைச் சந்தால் குடிசை துப்புரவாக இருக்கிறது, படித்தவர்கள் தங்கும் பெரிய விடுதி குப்பையாகக் கிடக்கிறது என்று கடிந்தார். இன்றைக்கும் உறைக்கிற பேச்சு.

வங்காளத்துக் குழந்தைகளுக்காகத் தாகூர் எழுதிய சஹஜ் பாட் என்ற பாலபாடம் 1930இல் வந்தது. அதற்கு நந்தலால் லினோ தகட்டில் செதுக்கிப் படம் போட்டார். கறுப்பும் வெள்ளையும்தான். தாளில் உருவத்துக்கு எவ்வளவு இடம், வெறுமைக்கு எவ்வளவு இடம் என்பதை எழுத்துக் கற்கும் வயதிலேயே குழந்தையின் கண் பிடித்துக்கொள்ளும். பல தலைமுறைப் பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள்.

கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் படித்த கே.ஜி. சுப்பிரமணியன் 1944இல் அவரிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அவர் குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் செய்தது தற்செயல் அல்ல.

நந்தலால் 1966 ஏப்ரல் 16ஆம் தேதி காலமானார். வினோத் பிஹாரிக்கு அதற்குள் பார்வை முழுவதும் போய்விட்டிருந்தது. 1972இல் அவர் பீங்கான் ஓடுகளைக் கையால் தடவித் தடவி வடிவமைத்த பெரிய சித்திரம் கலாபவனத்துச் சுவரில் ஏறியது.