ஜக்கரி டெய்லரின் இறுதி விருந்து

அமெரிக்க நாட்டின் பன்னிரண்டாவது குடியரசுத் தலைவர் ஜக்கரி டெய்லர் பதவி வகித்த காலம் பதினாறு மாதங்களே. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் காட்டிலும் எதை உண்டு இறந்தார் என்பதையே உலகம் மிகுதியாகப் பேசி வந்திருக்கிறது.

1784-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்து கென்டக்கியில் வளர்ந்தவர் அவர். பள்ளிப் படிப்பு சொற்பம். படையில் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1847-இல் மெக்சிகோப் போரில் தம் படையினும் பெரும்படை ஒன்றைப் புவெனா விஸ்டாவில் தடுத்து நிறுத்தியதும் நாடே அவரைக் கொண்டாடியது. அதுவரை எந்தத் தேர்தலிலும் வாக்களித்தறியாத அந்த மனிதர் 1848-இல் தேர்தலில் நின்று தலைவரானார்! அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணையார்தாம் அவர். ஆயினும் புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமைமுறை பரவுவதை எதிர்த்தார். தென்மாநிலத்தார் பிரிந்து போவதாக மிரட்டியும் மசியவில்லை.

1850 ஜூலை 4, சுதந்திர தின விழா. வாஷிங்டன் நினைவுத்தூண் எழும்பிக்கொண்டிருந்த திடலில் கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அன்று செர்ரிப் பழங்களும் பனிக்கட்டியிட்ட பாலும் ஏராளமாக உட்கொண்டார் என்பர். பின்னர் கடும் வயிற்றுவலி, வாந்தி, பேதி. ஜூலை 9 இரவு உயிர் பிரிந்தது. வயது 65.

அடிமைமுறையை ஆதரித்தோர் நஞ்சிட்டுக் கொன்றனர் என்ற ஐயம் நெடுநாள் உலவியது. 1991-இல் லூயிவில் நகரில் உள்ள கல்லறையைத் திறந்து, முடியையும் நகத்தையும் சோதித்தனர். கொல்லும் அளவுக்கு ஆர்சனிக் அவற்றில் இல்லை.

அப்படியானால் குற்றவாளி செர்ரியா, பாலா? வெளியே உண்டுவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் நாமும் கடைசியாகத் தின்ற பண்டத்தைத்தான் திட்டுகிறோம். அது பல வேளைகளில் அநியாயப் பழி. கெட்ட உணவில் கிருமி முன்பே கக்கி வைத்த நஞ்சானால் சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் தாக்கும், ஆறு நாள் கழித்தும் தாக்கும். காலராவும் ஐந்து நாள் வரை பதுங்கியிருக்கக் கூடியது. ஆகவே டெய்லரின் வயிற்றில் கிருமி புகுந்தது விழாவுக்கு முன்பாகவும் இருக்கலாம். அந்நாளைய வாஷிங்டனில் முறையான பாதாளச் சாக்கடை கிடையாது. வெள்ளை மாளிகைக்கு நீர் வந்த ஊற்றுக்கு மேற்புறத்தில் நகரின் மலக்கழிவு கொட்டப்பட்டது. என் சந்தேகம் பழத்தின் மீதன்று, தண்ணீரின் மீதே. கிருமி எதுவென்று அறுதியிட்டுச் சொல்ல இனி வழியில்லை.

மருத்துவர்கள் பாதரசம் கலந்த பேதி மருந்தும் அபினும் கொடுத்தனர், இரத்தமும் எடுத்தனர். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் முறை அன்று வழக்கில் இல்லை.

துணைத் தலைவர் ஃபில்மோர் பதவியேற்றார். டெய்லர் எதிர்த்து நின்ற சமரசச் சட்டங்களில் அவர் அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்திட்டார். அவற்றுள் ஒன்று, வடக்கே தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்து எசமானரிடமே திருப்பி ஒப்படைக்கும் சட்டம்.