ஸ்ட்ராடிவாரி வயலின் அசலா, போலியா? 200 ஆண்டுக்கு முன்பே 'டேட்டா' சேர்த்த கோசியோ பிரபு

ஸ்ட்ராடிவாரி வயலின் பல கோடிக்கு ஏலம் போன செய்தியை நீங்க படிச்சிருப்பீங்க. அது அசல்தான்னு எப்படி முடிவு பண்றாங்க? பதிலின் ஒரு பகுதி, கோசியோ டி சலாபுவே என்ற இத்தாலியப் பிரபுவின் நோட்டுகளில் இருக்கிறது.

யார் இவர்?

1755-ல் காசாலே மோன்ஃபெர்ராட்டோவில் பிறந்தவர். 18 வயதிலேயே டூரினில் இருந்த குவாடானினி என்ற கலைஞரிடம் வயலின்கள் வாங்கத் தொடங்கினார். 1775-ல், அதாவது ஸ்ட்ராடிவாரி இறந்து 38 ஆண்டுகள் கழித்து, அவரது மகன் பாவ்லோவைத் தொடர்புகொண்டார். பாவ்லோ துணி வியாபாரி. அப்பாவின் பட்டறையில் மிஞ்சிய வயலின்கள், மர அச்சுகள், வேலைக் கருவிகள் எல்லாம் கோசியோவின் கைக்கு வந்தன.

அப்படி என்ன செய்தார்?

வாங்கிப் பூட்டி வைக்கலை. ஒவ்வொரு வயலினின் நீள அகலம், லேபிள், வார்னிஷ் நிறம், பழுதுபார்த்த இடம் என எல்லாவற்றையும் எழுதினார். இன்னைக்கு நீங்க எக்ஸெல்லில் செய்யும் வேலைதான்.

பிறகு சேகரிப்பை விற்க முயன்றார். 1716-ல் செய்யப்பட்ட ஒரு வயலின் 1827-ல் லூய்ஜி டாரிசியோ என்ற வியாபாரியிடம் போனது. 'மெசையா' என்ற பெயரில் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான் என்பார்கள். கோசியோ 1840-ல் இறந்தார்.

இன்று ஏன் முக்கியம்?

1990-களின் இறுதியில் மெசையா மீதே சந்தேகம் எழுந்தது. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். அவை ஸ்ட்ராடிவாரி காலத்தோடு ஒத்துப்போயின. கோசியோவின் குறிப்புகளையும் வரிவரியாக அலசினார்கள். அச்சுகளும் கருவிகளும் 1930-ல் கிரெமோனாவுக்கே திரும்பின.

வயலின்கள் சிதறிப்போச்சு. அவர் எழுதி வெச்ச அளவுகள்தான் இன்னும் சாட்சி சொல்லுது.