300 புத்தகம் இருந்தது, வேதாகமம் இல்லை!
(ஜார்ஜ் முல்லர், 1805 – 1898)



ஜார்ஜ் முல்லர் என்றாலே அநாதைப் பிள்ளைகளும், விசுவாச ஜெபமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய வாலிப நாட்கள் எப்படி இருந்தது தெரியுமா? இன்றைக்கு சபைக்கு வருகிற அநேகர் அதைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும்.

பக்தி இல்லாத படிப்பு

ஜெர்மனி தேசத்தில், அந்நாளைய பிரஷ்யா ராஜ்யத்தில், 1805 செப்டம்பர் 27-ல் பிறந்தார். தகப்பனார் வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர். மகன் போதகராகிவிட்டால் நல்ல வருமானம் கிடைக்கும், தானும் முதிர்வயதில் அவனோடு சுகமாயிருக்கலாம் என்பது அவர் கணக்கு.

பையனோ தகப்பன் கையிலிருந்த அரசாங்கப் பணத்தையே திருடினான். 14 வயதில், தாயார் மரணப்படுக்கையில் கிடந்த இரவு, அது தெரியாமல் சீட்டாடிக்கொண்டிருந்தான். 1820-ல் திடப்படுத்தல் ஆராதனைக்காக போதகருக்குக் கொடுக்கும்படி தகப்பன் தந்த பணத்தில் 12-ல் 1 பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைத் தானே வைத்துக்கொண்டான். ஓட்டலில் தங்கி பணம் கட்டாமல் ஓடப்பார்த்து, 16 வயதில் சிறைச்சாலைக்கும் போனான்.

பிறகு நன்றாகப் படித்தார். லத்தீன், கிரேக்கு, எபிரெயு எல்லாம் படித்தார். சொந்தமாக 300 புத்தகங்கள் வைத்திருந்தார். ஆனால் அதில் ஒரு வேதாகமம் இல்லை! 1825-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவரானார். பிரசங்கம் பண்ண அனுமதியும் கிடைத்தது. வருஷத்துக்கு இரண்டு தரம் திருவிருந்து எடுப்பார். இரட்சிப்பு மட்டும் இல்லை. பாருங்க, பிரசங்கபீடத்துக்குத் தகுதி இருந்தது, பரலோகத்துக்குத் தகுதி இல்லை!

முழங்காலில் நின்ற மனுஷன்

1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனார். ஒரு சாதாரண வியாபாரியின் வீடு. பாடினார்கள், வேதம் வாசித்தார்கள். ஒருவர் முழங்காற்படியிட்டு ஜெபித்தார். இறையியல் படிக்கிற முல்லர், ஒரு மனுஷன் முழங்காலில் நின்று ஜெபிப்பதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்! தனக்குப் படிப்பு அதிகம், ஆனால் அந்த மனுஷனைப் போல் ஜெபிக்கத் தன்னால் முடியாது என்று உணர்ந்தார். அந்த இரவே அவருக்குள் புதுவாழ்வு தொடங்கிற்று.

தொடங்கினது உண்மை என்று அவருடைய நடக்கையே காட்டிற்று. மிஷனெரியாகப் போக விரும்பினபோது தகப்பன் கோபப்பட்டார். தகப்பன் ஆசைப்படுகிறபடி நடக்க முடியாது என்றான பிறகு, அவர் பணத்தில் படிப்பது நியாயமல்ல என்று தீர்மானித்து, அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார். ஒருகாலத்தில் தகப்பன் பணத்தைத் திருடின கை, இப்போது கொடுத்தாலும் வாங்கவில்லை.

வசனம் சொன்னால் செய்ய வேண்டியதுதான்

1829-ல் இங்கிலாந்துக்கு வந்தார். டீன்மத் என்ற ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகரானார். சம்பளம் வருஷத்துக்கு 55 பவுன். அந்நாட்களில் ஆலயத்தில் இருக்கைக்கு வாடகை உண்டு. காசுள்ளவனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பின்னால் இடம். யாக்கோபு 2-ம் அதிகாரத்தை வாசித்த முல்லர், இது தவறு என்று கண்டு வாடகையை எடுத்துப்போட்டார். 1830-ல் சம்பளத்தையும் விட்டுவிட்டார். ரோமர் 13:8-ஐ வாசித்து, கடன் வாங்குவதில்லை என்றும் முடிவுசெய்தார்.

அதே வருஷம் மேரி குரோவ்ஸ் என்ற சகோதரியை விவாகம் செய்தார். இவருடைய அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், நல்ல வருமானமுள்ள பல் வைத்தியத் தொழிலை விட்டு பாக்தாத்துக்கும், பின்பு இந்தியாவுக்கும் வந்த மிஷனெரி. நம் திருநெல்வேலிச் சீமை ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் இந்தக் குரோவ்ஸோடு ஊழியம் செய்து, சம்பளமில்லாத விசுவாச வாழ்க்கையைக் கற்றவர். 1860-ல் அருளப்பனின் ஊழியத்தில் பரிசுத்த ஆவியானவர் எழுப்புதலை ஊற்றினார். அல்லேலூயா!

கண்ணால் காணும் சாட்சி

முல்லர் 1832-ல் பிரிஸ்டல் பட்டணம் போனார். அங்கே விசுவாசிகள் பிழைப்புக்குப் பயந்து, ஜெபத்துக்கும் வேதத்துக்கும் நேரமில்லாமல் இராப்பகலாய் உழைத்தார்கள். தேவன் ஜீவிக்கிறார் என்று அவர்களுக்கு வாயினால் சொன்னால் போதாது, கண்ணால் காட்டவேண்டும் என்று பாரப்பட்டார். 1836-ல் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் பெண்பிள்ளைகளுக்கான இல்லத்தைத் திறந்தார். தேவையை மனுஷரிடம் சொல்வதில்லை, தேவனிடம் மட்டும் சொல்வது என்பதே சட்டம்.

1857 நவம்பர் கடைசியில் ஒரு சோதனை வந்தது. 300 பிள்ளைகள் இருந்த வீட்டை அனலாக்கும் கொதிகலன் ஒழுகிற்று. பழுதுபார்க்க நெருப்பை அணைத்தாகவேண்டும். வாடைக்காற்று வீசுகிறது. முல்லர் இரண்டு காரியம் கேட்டார்: காற்று தெற்கிலிருந்து வீசட்டும், வேலையாட்களுக்கு வேலைசெய்ய மனம் உண்டாகட்டும். குறித்த நாளில் தென்றல் வீசிற்று! வேலையாட்களோ இராமுழுதும் வேலைசெய்யத் தாங்களாகவே முன்வந்தார்கள்.

1870-க்குள் ஆஷ்லி டவுனில் 5 பெரிய கட்டிடங்கள், 2,050 பேருக்கு இடம். அவர் நாளில் பராமரிக்கப்பட்ட பிள்ளைகள் 10,024 பேர். ஏறக்குறைய 15 இலட்சம் பவுன் அவர் கைவழியாய்ப் போயிற்று. 1898 மார்ச் 9-ம் தேதி மாலை ஜெபக்கூட்டம் நடத்தினார். மறுநாள் காலை, 92-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் விட்டுப்போன சொத்து சுமார் 160 பவுன்தான்.

பிரியமானவர்களே, வேதாகமம் இல்லாமல் 300 புத்தகம் வைத்திருந்தவர், பின்னாளில் வேதாகமத்தை 100 தடவைக்கு மேல் வாசித்தார். அதிகாரங்களை எண்ணுவதற்காக வாசிக்கவில்லை, கீழ்ப்படிவதற்காக வாசித்தார். நம் வீட்டில் வேதாகமம் எத்தனையோ இருக்கிறது. வசனம் மனப்பாடமாய்த் தெரியும். ஆனால் கொடுக்கவேண்டிய கடனைக் கொடுத்தோமா? சபையில் ஏழைச் சகோதரனுக்கு உட்கார நல்ல இடம் கொடுத்தோமா? தேவைவந்தால் முதலில் ஓடுவது முழங்காலுக்கா, மனுஷனிடத்துக்கா? யாக்கோபு 1:22-ஐ இன்றிரவு திறந்து வாசியுங்கள். வாசித்ததில் ஒன்றையாவது நாளைக்குச் செய்யுங்கள்.

கர்த்தர்தாமே அதற்குக் கிருபை செய்வாராக. ஆமென்.